புறவு முதல் மரகதப்புறா வரை: கொல்லிமலையை முன்வைத்துத் தமிழகக் காட்டுப்புறாக்களின் அடையாள வரலாறும் பாதுகாப்பும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டின் மாநிலப் பறவை மரகதப்புறா. ஆயினும் தமிழ்ப் பொதுவழக்கில் ‘புறா’ என்னும் ஒற்றைச் சொல்லே மாடப்புறா தொடங்கி மழைக்காட்டுப் புறாக்கள் வரை அனைத்தையும் சுட்டிவருகிறது. சங்க இலக்கியத்தில் புறவு என்னும் சொல்லின் பொருட்பரப்பு, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் காட்டுப்புறாக்களுக்கு அறிவியற்பெயர் சூட்டிய முறை, 20ஆம் நூற்றாண்டின் கள ஆய்வு, வேட்டைச் சட்டங்கள் பாதுகாப்புச் சட்டங்களாக மாறிய வரலாறு ஆகியவற்றை இக்கட்டுரை தொடர்ச்சியாக ஆராய்கிறது. கொல்லிமலையின் பெரக்கரை நாடு உள்ளிட்ட நாடுகளின் நிலப்பயன்பாட்டு மாற்றத்தோடு இவ்வரலாற்றை இணைத்துப் பார்க்கிறது. இனத்தைச் சரியாக அடையாளங்காணாத பாதுகாப்பு பெயரளவில் நின்றுவிடும் என்பதும், கொல்லிமலையைப் பொறுத்தவரை கோயிற்காடுகளைக் காப்பதே காட்டுப்புறாக்களைக் காப்பதற்குரிய நேர்வழி என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: புறவு, தூதுணம்புறவு, மரகதப்புறா, நீலகிரிக் காட்டுப்புறா, கொல்லிமலை, பெரக்கரை நாடு, கோயிற்காடு, வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம்

முன்னுரை

ஓர் உயிரினத்தைக் காப்பதற்கு முதற்படி அதனை இன்னதென்று அறிதலாகும். இது எளிய உண்மைபோலத் தோன்றினும் புறாக்களைப் பொறுத்தவரை நடைமுறையில் பெரும் இடர்ப்பாட்டைத் தருகிறது. கோயிற் கோபுரங்களிலும் நகர்ப்புற மாடங்களிலும் பெருகிவாழும் மாடப்புறாவே பெரும்பான்மையோர் மனத்தில் ‘புறா’ என்பதன் உருவமாக நிற்கிறது. அதனால் ‘புறாவுக்கு என்ன ஆபத்து வந்துவிடும்?’ என்னும் எண்ணம் இயல்பாகவே எழுகிறது. மாடப்புறா பெருகும் அதே காலத்தில், ஈரக்காட்டின் நிழலைவிட்டு வெளியேற இயலாத புறாவினங்கள் வாழிடத்தை இழந்துவருகின்றன. ஒரே சொல்லால் சுட்டப்படும் இவ்விரு வகைகளின் நிலை முற்றிலும் வேறானது.

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. மேற்பரப்பு ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்துள்ளது. வாழவந்தி நாடு, சேளூர் நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, பெரக்கரை நாடு என ‘நாடு’ என்னும் பழம்பெயரைத் தாங்கிய நிலப்பிரிவுகள் இங்கு இன்றும் ஊராட்சிகளின் பெயர்களாக வழங்குகின்றன. மலையாளி என்னும் பழங்குடியினர் இங்குப் பெரும்பான்மையினர். சரிவுகளில் வறண்ட இலையுதிர் காடும், மேற்பரப்பின் மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் ஈரக்காட்டுத் திட்டுகளும், ஊர்களையொட்டிக் கோயிற்காடுகளும் அமைந்த இம்மலை, காட்டுப்புறாக்களின் நிலையை ஒரு சிறு பரப்பில் வைத்து ஆராய்வதற்கு ஏற்ற களமாக உள்ளது.

1. புறவு என்னும் சொல்லும் பொருட்பரப்பும்

சங்க இலக்கியத்தில் ‘புறவு’ என்னும் சொல் இருபொருள் உடையது. ஒன்று புறாவாகிய பறவை. மற்றொன்று முல்லைநிலம், காடு. எனவே ஒரு பாடலில் புறவு வருமிடமெல்லாம் பறவையைக் கொள்ள இயலாது. பறவையைக் குறிக்குமிடங்களிலும் எந்தப் புறா என்பதைச் சூழல்கொண்டே துணிதல் வேண்டும்.

மூன்று இடங்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நெடுநல்வாடையில் நக்கீரர், கூதிர்க்காலத்தின் இருளில் இரவும் பகலும் வேறுபாடு தெரியாமல், இரைதேடி மன்றத்திற்குச் செல்லாது வீட்டிலேயே கால்மாற்றி ஒடுங்கியிருக்கும் சிவந்த காலையுடைய சேவற்புறாவைக் காட்டுகிறார். மனையில் உறைவதும் கால் சிவந்திருப்பதும் இதனை மாடப்புறா என உறுதிசெய்கின்றன. பட்டினப்பாலை, வேள்விப்புகையை வெறுத்துச் சோலையை நீங்கிய குயில்கள் காளிகோட்டத்தில் தூதுணம்புறவோடு தங்குவதைக் கூறுகிறது. தூது என்பது இங்குச் சிறுகல். கல்லை உண்ணும் புறா என்பது இத்தொடரின் பொருள். விதையுண்ணும் புறாக்கள் சிறுகற்களை விழுங்கி இரைப்பையின் அரைக்கும் பகுதியில் தேக்கிவைத்து, அவற்றின் உதவியால் கடினமான விதைகளை நொறுக்குகின்றன என்பது இன்றைய உயிரியல் தரும் விளக்கம். அதனைப் பழந்தமிழர் கண்ணாற் கண்டு பெயராக்கியுள்ளனர். கட்டடத்தில் உறைவதால் இதுவும் மாடப்புறாவே.

மூன்றாவது, குறுந்தொகை 174ஆம் பாடல். மழை பெய்யாது வறண்ட பாலைவழியில் கள்ளியின் காய் வெடிக்கும் ஓசை இணைப்புறாக்களை அஞ்சியோடச் செய்வதை வெண்பூதியார் பாடியுள்ளார். கள்ளி வளரும் வறள்நிலமும், பெருங்கூட்டமாக அன்றி இணையாகத் தங்கும் இயல்பும் இதனை மாடப்புறாவிலிருந்து பிரிக்கின்றன. கள்ளிப்புறா, தவிட்டுப்புறா போன்ற வறள்நிலப் புறாக்களே இச்சூழலுக்குப் பொருந்துவன.

ஆக, மனையும் கோட்டமும் பாலையும் புறாவின் களங்களாக இவ்விடங்களில் அமைகின்றன. ஈரக்காட்டின் அடித்தளத்தில் ஓசையின்றி இரைதேடும் புறாவைப் பாடலாசிரியர் கண்டிருத்தல் கூடும். ஆனால் தனிப்பெயர் பெற்று நிலைத்தவை மனிதர் அன்றாடம் கண்ட புறாக்களேயாகும். கொல்லியைப் பாடிய பாடல்களிலும் இதனை ஒத்த போக்கு உண்டு. புறநானூறு 152இல் வன்பரணர், கொல்லியின் தலைவன் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை ஊடுருவிய செய்தியைக் கூறுகிறார். மலைக்காட்டின் விலங்குவளம் அதில் நிரல்பட அமைந்துள்ளது. வேட்டுவனின் பெருமைக்கு உரியனவாகப் பேருயிர்கள் எண்ணப்பட்டன. நிழலில் மறையும் சிறுபறவைக்கு அந்நிரலில் இடமில்லை.

மறுபுறம், புறாவைக் காத்தலை அரசனின் உயர்ந்த அறமாகப் போற்றியதும் இதே இலக்கியமாகும். பருந்துக்கு அஞ்சித் தன்னிடம் புகுந்த புறாவின்பொருட்டுத் தன்னையே தராசில் இட்ட சோழனின் கதை புறநானூற்றில் பலவிடங்களில் எடுத்தாளப்படுகிறது. ஒரு தனிப்புறாவின் உயிரைக் காக்கும் அறம் அது. இன்று தேவைப்படுவதோ ஓர் இனத்தையும் அதன் வாழிடத்தையும் காக்கும் அறம். இரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவை அளப்பதே இவ்வரலாற்றின் மையமாகும்.

2. கூண்டிலிருந்து வந்த அறிவியற்பெயர்

மரகதப்புறா அறிவியல் உலகிற்கு அறிமுகமான முறை கருதத்தக்கது. ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் 1743இல் வெளியிட்ட நூலில் பச்சைச் சிறகுடைய புறா ஒன்றைப் படத்துடன் விவரித்தார். அவர் அதனைக் கண்டது காட்டில் அன்று; லண்டனை அடுத்த ரோதர்ஹைத் பகுதியில் ஒரு வணிகரின் இல்லத்தில் உயிருடன் வளர்க்கப்பட்ட பறவையையே அவர் வரைந்தார். அது கிழக்கிந்தியப் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டதாகக் கருதப்பட்டது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758இல் தம் நூலின் பத்தாம் பதிப்பில், எட்வர்ட்ஸின் விவரிப்பைச் சுட்டி, இப்பறவைக்குக் ‘கொலம்பா இண்டிகா’ எனப் பெயரிட்டார். 1843இல் ஜான் கூல்டு ‘கால்கோஃபாப்ஸ்’ என்னும் பேரினத்தை அமைத்தார். செம்பு அல்லது வெண்கல நிறப்புறா என்பது அக்கிரேக்கத் தொடரின் பொருள்.

இவ்வாறு பறவையின் நிறமும் உருவமும் தெளிவாகப் பதிவாயின. ஆனால் அது எந்தக் காட்டில் எவ்வாறு வாழ்கிறது என்பது அப்பதிவில் இல்லை. பெயர் முதலில் வந்தது. வாழிட அறிவு நெடுங்காலம் கழித்தே வந்து சேர்ந்தது. இந்த வரிசை பிற காட்டுப்புறாக்களுக்கும் பெரும்பாலும் பொருந்துகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நீலகிரிக் காட்டுப்புறாவை 1832இல் கர்னல் சைக்ஸ் தக்காணத்துப் பறவைகளைப் பற்றிய தம் பட்டியலில் விவரித்தார். பம்பாய் ஆளுநராக இருந்த எல்பின்ஸ்டனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இலங்கை மலைநாட்டில் வாழும் அதன் நெருங்கிய உறவினமும் ஆளுநர் டோரிங்டனின் குடும்பப் பெயரையே தாங்கியுள்ளது. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன், 1839, 1840ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியப் பறவைப் பட்டியலைச் சென்னையிலிருந்து வெளிவந்த இதழில் எழுதினார். சாம்பல்நெற்றிப் பச்சைப்புறாவும் மலபார்ப் பகுதியின் பெருங்காட்டுப்புறாவும் அவர் வழியாகவே அறிவியற்பெயர் பெற்றன. ஆளுநர்களின் பெயர்கள் பறவைகளில் நிலைத்தன; மலைவாழ் மக்கள் அப்பறவைகளை எவ்வாறு அழைத்தனர் என்பது அப்பெயர்களில் இடம்பெறவில்லை.

3. கிழக்கு மலைகளில் கள ஆய்வு

நீலகிரி, ஆனைமலை, பழனிமலை ஆகியவற்றில் கோடைவாழிடங்களும் தேயிலை, காப்பித் தோட்டங்களும் ஏற்பட்டதால் அங்குப் பறவைப் பதிவுகள் விரைவாகப் பெருகின. கிழக்குத் தொடர்ச்சி மலைகள் இவ்வகையில் பின்தங்கியே இருந்தன. இக்குறையை ஓரளவு நீக்கியது வெர்னே கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வாகும். ஆர்தர் வெர்னேயின் நிதியுதவியால் நடைபெற்ற இவ்வாய்வின் முடிவுகளை ஹியூ விஸ்லர், நார்மன் கின்னியர் ஆகிய இருவரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1930 முதல் 1937 வரை தொடராக வெளியிட்டனர். அன்றைய சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையும் சித்தேரி மலையும் இவ்வாய்வின் களங்களாக அமைந்தன. கொல்லிமலைக்கு அண்டையிலுள்ள இம்மலைகளின் பறவைகள் மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளோடு எவ்வாறு ஒப்புமை கொண்டுள்ளன என்னும் வினாவை அது முன்வைத்தது. பிற்காலத்தில் சாலிம் அலியும் தில்லன் ரிப்ளேயும் 1968 முதல் 1974 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிகள் அவ்வினாவை இந்தியத் துணைக்கண்ட அளவிற்கு விரித்தன.

தமிழில் பெயர்களைத் தொகுக்கும் முயற்சி இதற்கு இணையாக நடைபெற்றது. பி.எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ இலக்கியப் பறவைகளை உயிரியலோடு பொருத்திக் காட்டியது. க. ரத்னம் வழக்கிலுள்ள பெயர்களைத் திரட்டித் ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ என்னும் நூலை அளித்தார். இலக்கியச் சான்று, மக்கள்வழக்கு, அறிவியற்பெயர் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் வைத்து நோக்கும் முறைக்கு இவ்விருவர் உழைப்பே அடிப்படை எனலாம்.

4. காட்டுப்புறாக்களைப் பிரித்தறிதல்

தமிழக ஈரக்காடுகளில் காணத்தக்க புறாக்களை நான்கு வகையாகக் கொண்டு அவற்றின் வேறுபாடுகளை இங்குத் தொகுக்கலாம்.

முதலாவது மரகதப்புறா. ஏறத்தாழ 25 முதல் 27 செ.மீ. நீளமுடையது. முதுகும் சிறகும் ஒளிரும் மரகதப் பச்சை. கழுத்தும் மார்பும் செம்பழுப்பு. அலகு பவழச் சிவப்பு. ஆணின் உச்சந்தலை சாம்பல்நிறமாகவும் நெற்றி வெண்மையாகவும் இருக்கும். பெண் சற்றே மங்கிய பழுப்பு நிறத்தது. பறக்கும்போது கீழ்முதுகில் வெளிறிய இரு பட்டைகள் தெரியும். பெரும்பாலும் இணையாகவோ தனியாகவோ தரையில் உதிர்ந்த விதைகளையும் பழங்களையும் தேடி உண்ணும். ஆளரவம் கேட்டதும் மரங்களுக்கிடையே தாழ்வாக, மிக விரைவாகப் பறந்து மறையும். ஆகவே கண்ணுக்குத் தென்படுவதினும் தாழ்ந்த, துயரம் தோய்ந்த குரலால் அறியப்படுவதே மிகுதி.

இரண்டாவது நீலகிரிக் காட்டுப்புறா. மாடப்புறாவினும் பெரியது, ஏறத்தாழ 42 செ.மீ. நீளமுடையது. தலை சாம்பல்நிறம், மேல்முதுகு செம்பழுப்பு. பின்கழுத்தில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் போன்ற அமைப்பு இருப்பதே இதன் உறுதியான அடையாளம். சோலைக்காடுகளிலும் பசுமைமாறாக் காடுகளிலும் மரவிதானத்தில் பழங்களை உண்டு வாழும். ஒரு முறைக்கு ஒரே முட்டை இடும். மூன்றாவது பெருங்காட்டுப்புறா. இதுவும் மரவிதானத்தில் வாழ்வது, மேலும் பெரியது. சதுரங்கக் கட்டம் இல்லாமையும், வால்நுனியின் வெளிறிய பட்டையும், தொலைவிலிருந்து கேட்கும் ஆழ்ந்த முழக்கமும் இதனைக் காட்டிக்கொடுக்கும்.

நான்காவது பச்சைப்புறாக்கள். மரகதப்புறாவோடு இவற்றைக் குழப்புவது பரவலான பிழை. ஈரக்காட்டில் வாழும் சாம்பல்நெற்றிப் பச்சைப்புறாவின் ஆணுக்கு முதுகு செங்கருப்புநிறம், கால் சிவப்பு. ஆலும் அரசும் நிற்கும் சமவெளியில் கூட்டமாக வரும் பச்சைப்புறாவுக்குக் கால் மஞ்சள். பச்சைப்புறாக்கள் மரத்திலேயே உண்டு அரிதாகவே தரையிறங்குவன; மரகதப்புறாவோ தரையை நம்பி வாழ்வது. நிறத்தை மட்டும் கொண்டு ‘பச்சைநிறப் புறா கண்டோம்’ என எழுதப்படும் குறிப்பு ஆய்வுக்குப் பயன்படாது. இரைகொள்ளும் இடமும் காலின் நிறமும் குரலும் சேர்ந்தே சான்றாக அமையும்.

நீலகிரிக் காட்டுப்புறா மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே, பெங்களூருக்கு வடக்கிலுள்ள நந்திமலையிலும் வாழ்வது பதிவாகியுள்ளது. தனித்து நிற்கும் ஒரு மலையின் உச்சிக்காடு, தொலைவிலுள்ள பெருங்காட்டின் பறவையைத் தாங்கிநிற்கக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று. கொல்லிமலையும் தனித்து நிற்கும் மலையே. ஆகவே அங்குப் பெரிய சாம்பல்நிறப் புறா காணப்பட்டதாக வரும் செய்தி எதனையும் மாடப்புறா என ஒதுக்கிவிடவும் கூடாது. பின்கழுத்தின் அமைப்புத் தெளிவாகத் தெரியும் ஒளிப்படமோ குரற்பதிவோ இன்றி ஏற்றுக்கொள்ளவும் கூடாது.

5. வேட்டைப்பறவை மாநிலப் பறவையான வரலாறு

பிரித்தானிய ஆட்சியில் காட்டுப்புறாக்கள் முதன்மையாக வேட்டைப்பறவைகளாகவே நோக்கப்பட்டன. ஸ்டூவர்ட் பேக்கர் 1913இல் இந்தியப் புறாக்களைப் பற்றித் தனிநூல் எழுதியதற்கு வேட்டைக்காரர்களின் ஆர்வமும் ஒரு காரணம். அதற்கு முந்தைய ஆண்டில் நடைமுறைக்கு வந்த 1912ஆம் ஆண்டின் காட்டுப்பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், தன் அட்டவணையில் புறாக்களையும் சேர்த்திருந்தது. ஆனால் அச்சட்டம் வேட்டையைத் தடைசெய்யவில்லை. இனப்பெருக்கக் காலத்தில் வேட்டையாடாதிருக்க ‘தடைக்காலம்’ அறிவிக்கும் உரிமையை மாகாண அரசுகளுக்கு வழங்கியது. அடுத்த ஆண்டும் வேட்டைக்குப் பறவை கிடைக்கவேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இந்நிலையைப் படிப்படியாக மாற்றியது. அதன் நான்காம் அட்டவணையில், மரகதப்புறா உள்ளிட்ட புறாக்களும், மாடப்புறா நீங்கலான பிற புறாக்களும் இடம்பெற்றன. இங்கு இரு செய்திகள் கவனிக்கத்தக்கன. மாடப்புறாவை விலக்கியதன் மூலம், ‘புறா’ என்னும் பொதுச்சொல் போதாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. மரகதப்புறாவைப் பெயர்சுட்டிக் கூறினும் அதற்கு முதல் அட்டவணையின் உயர்பாதுகாப்பு வழங்கப்படவில்லை. தொடக்கத்தில் நான்காம் அட்டவணை உரிமம்பெற்று வேட்டையாடத்தக்க சிற்றுயிர்களின் பட்டியலாகவே இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னரே அவ்வுரிமமுறை ஒழிந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணைகளை முழுவதுமாக மாற்றியமைத்தது.

மரகதப்புறா தமிழ்நாட்டின் மாநிலப் பறவை என்பது பள்ளிப் பாடநூல் வரை பரவிய செய்தி. ஆயினும் அதன் படத்தை அறிந்த அளவிற்கு அதன் வாழிடத்தை மாணவர் அறிந்திருப்பதில்லை. அடையாளச் சின்னமாக ஒரு பறவையை ஏற்பதும் அதன் வாழ்வை அறிவதும் வெவ்வேறு செயல்கள் என்பதற்கு இதுவே சான்று.

இவ்விடத்தில் ஒரு தெளிவு வேண்டும். உலக அளவில் மரகதப்புறா அழிவின் விளிம்பில் உள்ள பறவை அன்று. இந்தியா முதல் தென்கிழக்காசியா வரை பரவி வாழ்வதால், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனைக் குறைந்த கவலைக்குரிய இனமாகவே வைத்துள்ளது. அழியும் நிலைக்கு ஆளாகக்கூடிய இனமென அவ்வொன்றியம் பட்டியலிட்டிருப்பது நீலகிரிக் காட்டுப்புறாவையே. இவ்வேறுபாட்டை மறைத்து மரகதப்புறாவை ‘அழிந்துவரும் பறவை’ என எழுதுவது உணர்ச்சியைத் தூண்டலாம், ஆய்வுக்கு உதவாது. ஒரு பறவை உலகில் நிலைத்திருக்கும்போதே ஒரு மலையிலிருந்து மறைந்துபோகலாம். கொல்லிமலைக்குரிய வினா அந்த இரண்டாம் நிலையைப் பற்றியதாகும்.

6. கொல்லிமலையின் நிலவரலாறும் புறாக்களும்

காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் குடியேறினர் என்பது மலையாளிகளின் வழிவழிக் கதை. அவர்கள் மேற்பரப்பில் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு முதலான சிறுதானியங்களைப் பயிரிட்டனர். பள்ளத்தாக்குகளில் நெல் விளைந்தது. சிறுதானிய வயல்களும் இடையிடையே விடப்பட்ட மரங்களும் காட்டோரங்களும் கலந்த அந்நிலவமைப்பு விதையுண்ணும் பறவைகளுக்கு இணக்கமானது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறியது. சேலம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பெருமளவில் பயிரிடப்பட்டது. சாலைவசதி பெருகியதும் காப்பி, மிளகு, அன்னாசி முதலியன பரவின. பாக்சைட் கனிமத்திற்காக மலைமுகடுகளின் சில பகுதிகள் வெட்டப்பட்டன. சிறுதானியப் பரப்பு சுருங்கியதைக் கண்டு, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்குச் சிறுதானிய மரபினங்களைக் காக்கும் பணியை மக்களோடு சேர்ந்து மேற்கொண்டது.

புறாக்களின் நோக்கில் இம்மாற்றங்கள் ஒரே தன்மையன அல்ல. உள்ளூர் மரங்களின் நிழலில் வளரும் காப்பித் தோட்டத்தில் சருகும் உதிர்பழமும் தரையில் கிடக்கும். மரகதப்புறா அத்தகைய தோட்டங்களைப் பயன்படுத்தக்கூடியது. அம்மரங்களை நீக்கிச் சில்வர் ஓக் மட்டும் நடப்படும்போது நிலை வேறாகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அம்மரத்தின் விதை காற்றில் பரவும் மெல்லிய சிறகுவிதை. அது சதைப்பற்றுள்ள பழம் தருவதில்லை. வெளித்தோற்றத்தில் பசுமையாகவே இருக்கும் அத்தோட்டம் பழந்தின்னும் பறவைக்கு வெறுநிலமாகும். மரவள்ளி நிலத்தில் நிழலே இல்லை. எனவே ‘மலை பசுமையாகத்தானே உள்ளது’ என்னும் கூற்றுக் காட்டுப்புறாவின் வாழிடத்தை அளக்கும் அளவுகோல் ஆகாது.

இந்நிலையில் கோயிற்காடுகளின் இடம் முதன்மையானது. கொல்லிமலையின் நாடுகள் பலவற்றில் தெய்வத்திற்குரியதாக விடப்பட்ட காட்டுத்திட்டுகள் உள்ளன. அவற்றில் மரம் வெட்டுதல் தெய்வக்குற்றமாகக் கருதப்பட்டது. வளப்பூர் நாட்டின் அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டிய ஆற்றில் மீன்களுக்கு உணவிட்டுப் போற்றும் மரபும், வெட்டப்பட்ட மீன் மீண்டும் பொருந்தி உயிர்பெற்றது என்னும் தலக்கதையும் இதனோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்கன. ஓரிடத்து உயிரைத் தெய்வத்தின் உடைமையாகக் கொண்டு தொடாதுவிடும் இவ்வழக்கம் இம்மலையின் மரபிலேயே உள்ளது. வெளியிலிருந்து கொண்டுவரவேண்டிய கருத்தன்று அது. ஆனால் கோயில் விரிவாக்கம், கற்கட்டடம், திருவிழாக் கூட்டத்திற்கான இடம் திருத்துதல் ஆகியவற்றால் கோயில் வளர்ந்து காடு சுருங்குவதும் தமிழகக் கோயிற்காடுகள் பலவற்றில் காணப்படும் நிலையாகும்.

7. உலக அனுபவம்

புறாக்குடும்பம் மிகுதியான எண்ணிக்கையும் முழு அழிவும் ஒருங்கே கண்ட குடும்பம். மொரீசியசு தீவின் டோடோ புறாக்களின் உறவினமே. 17ஆம் நூற்றாண்டில் அது மறைந்தது. வட அமெரிக்காவில் வானத்தை மறைக்கும் கூட்டமாகப் பறந்த பயணிப்புறாவின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1ஆம் நாள் சின்சினாட்டி உயிர்க்காட்சியகத்தில் இறந்தது. எண்ணிக்கைப் பெருக்கமே பாதுகாப்பு ஆகாது என்பதை இது காட்டியது. புறாக்கள் ஒன்று அல்லது இரண்டு முட்டைகளே இடுவன. இழப்பை ஈடுசெய்ய அவற்றுக்கு நெடுங்காலம் தேவை.

இதற்கு மறுதலையாக, மொரீசியசின் இளஞ்சிவப்புப்புறா 1990களின் தொடக்கத்தில் காட்டில் ஏறத்தாழப் பத்துப் பறவைகளே எஞ்சிய நிலையிலிருந்து மீட்கப்பட்டுச் சில நூறுகளாகப் பெருகியது. கூண்டில் இனப்பெருக்கம், எலி முதலிய கொன்றுண்ணிகளைக் கட்டுப்படுத்தல், காட்டை மீட்டெடுத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தே அப்பயனைத் தந்தன. கரீபியக் கடலின் கிரெனடாவில் கிரெனடாப்புறா நாட்டின் தேசியப்பறவை. ஆயினும் மிக மோசமான அழிவுநிலையில் உள்ள இனமாகவே அது தொடர்கிறது. சின்னமாக்கப்படுதல் வாழிடத்தை விரிக்காது என்பதற்கு அத்தீவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. தமிழகம் தன் மாநிலப் பறவையை எண்ணும்போது இவ்வொப்பீட்டையும் எண்ணுதல் நலம்.

8. பாதுகாப்பிற்குரிய வழிமுறைகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து கொல்லிமலைக்குப் பொருந்தும் நான்கு வழிமுறைகளைப் பெறலாம்.

முதலாவது, பதிவு. 2015ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் பொங்கல் விடுமுறையில் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பு, பயிற்சி பெற்ற பொதுமக்களால் சான்றுள்ள பதிவுகளைத் தரமுடியும் என்பதைக் காட்டியுள்ளது. 942 இனங்களை மதிப்பிட்ட ‘இந்தியப் பறவைகளின் நிலை 2023’ அறிக்கையும் அத்தகைய மக்கள்பதிவுகளையே அடித்தளமாகக் கொண்டது. பெரக்கரை நாடு போன்ற ஒவ்வொரு நாட்டையும் ஓர் அலகாகக் கொண்டு, பருவந்தோறும் ஒரே பாதையில் குரலும் காட்சியும் பதிவுசெய்யப்படுமானால் மாற்றத்தை அளக்கமுடியும். அருகிலுள்ள கல்லூரிகளின் தமிழ்த்துறையும் விலங்கியல்துறையும் இணைந்து செய்யத்தக்க பணி இது.

இரண்டாவது, பெயர்த்தொகுப்பு. மலையாளி மக்கள் ஒவ்வொரு புறாவையும் எப்பெயரால் அழைக்கின்றனர், எம்மரத்தின் பழத்தோடு தொடர்புபடுத்துகின்றனர், எம்மாதத்தில் குரலைக் கேட்கின்றனர் என்பவற்றைக் குரற்பதிவை இசைத்துக்காட்டி முதியோரிடம் கேட்டறிதல் வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் கூண்டுப்பறவையைக் கண்டு பெயரிட்டபோது விடுபட்ட வாழிட அறிவு அவர்களிடமே உள்ளது.

மூன்றாவது, சட்டப் பாதுகாப்பு. 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டம், சிறப்புடைய வாழிடங்களை உயிரியற் பன்மை மரபுத் தலங்களாக அறிவிக்க வழிசெய்கிறது. 2022இல் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி தமிழகத்தின் முதல் மரபுத் தலமாயிற்று. 2025இல் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோயிற்காடு அத்தகுதியைப் பெற்றது. ஒரு கோயிற்காட்டையே மரபுத் தலமாக்கும் முன்னோடி கிடைத்துவிட்டது. கொல்லிமலையின் கோயிற்காடுகளையும் ஊர்மக்களின் ஒப்புதலோடு அவ்வழியில் கொண்டுவருதல் இயலும். 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு வழங்கும் சமூக வனவள உரிமையோடு முரணாதவாறு இதனைச் செய்தல் இன்றியமையாதது. காத்தவரை விலக்கிவிட்டுக் காட்டைக் காக்கமுடியாது.

நான்காவது, மரத்தேர்வு. காப்பித் தோட்டங்களில் நிழல்மரங்களாக நாவல், ஆத்தி, அத்தி, இலவங்கவகை மரங்கள் போன்ற உள்ளூர் மரங்களுக்கும் இடம் தருவோருக்கு ஊக்கம் அளித்தல் வேண்டும். கோயம்புத்தூரிலுள்ள சாலிம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையத்தின் அறிஞர்கள் நீலகிரிச் சோலைகளில் காட்டுப்புறாவின் உணவைப் பற்றி மேற்கொண்ட ஆய்வு, காட்டுப்புறாவைக் காத்தல் அதன் பழமரங்களைக் காத்தலே என்பதை உணர்த்துகிறது. கோயிற்காடுகளுக்கு இடைப்பட்ட தோட்டங்கள் பழமரங்களைக் கொண்டிருந்தால் சிதறிய திட்டுகள் பறவைக்கு ஒரே காடாகும்.

முடிவுரை

சங்ககாலத்தவர் மனையிலும் கோட்டத்திலும் பாலைவழியிலும் கண்ட புறாவைத் துல்லியமாக நோக்கினர். கல்லுண்ணும் இயல்பைக்கூடப் பெயராக்கினர். ஐரோப்பியர் காட்டுப்புறாக்களுக்குத் தனிப்பெயர்களை அளித்தனர்; ஆனால் கூண்டிலும் தோலிலும் கண்ட உருவமே அப்பெயர்களுக்கு அடிப்படையாயிற்று. காலனியச் சட்டம் வேட்டைக்காகக் காத்தது. விடுதலைக்குப் பிந்தைய சட்டம் வேட்டையைத் தடுத்தது. இவற்றுள் எதுவும் வாழிடத்தை மையமாகக் கொள்ளவில்லை. எஞ்சிநிற்கும் அக்கடமை இன்றைய தலைமுறைக்குரியது.

தன்னை நாடிவந்த ஒரு புறாவைக் காத்தவனைத் தமிழ்மரபு ஈராயிரம் ஆண்டுகளாகப் போற்றிவருகிறது. மரகதப்புறா எவரையும் நாடி வருவதில்லை; ஆளரவம் கேட்டதும் நிழலுக்குள் மறைவது அதன் இயல்பு. ஆகவே அடைக்கலம் கேளாத உயிருக்கு அதன் நிழலை விட்டுவைத்தலே இக்காலத்திற்குரிய அறம். கொல்லிமலையின் நாடுகளில் எஞ்சியுள்ள கோயிற்காடுகள் அந்நிழலை இன்னும் தாங்கிநிற்கின்றன. அவற்றின் எல்லையை அளந்து, பறவைகளைப் பதிவுசெய்து, ஊர்மக்கள் கையாலேயே காக்கச் செய்வது ஆய்வாளர்கள் உடனே தொடங்கத்தக்க பணியாகும்.